ஏழாவது சுற்றில் மூன்று தட்டு

பிப்ரவரி 9

அன்புள்ள மகளுக்கு,

நாலு வாரமாக நீ போனை எடுக்கவில்லை. கடைசியில் உன் அம்மாவிடம், "அப்பாவுக்கு ஏதாவது சொல்லணும்னா எழுதச் சொல்லுங்க, எழுதும்போது ஜோக்கு குறையும்" என்று சொன்னாயாம். அவள் அன்று சாயங்காலமே ஒரு கட்டு காகிதமும் இரண்டு பேனாவும் வாங்கிவந்து மேஜைமேல் வைத்துவிட்டாள். பத்தாவதையே இரண்டாம் முயற்சியில் தாண்டியவன் நான். பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பு. நான் சுற்றுகிற கம்பிச்சுருளுக்கு, அதுதான் காயில்களுக்கு, நீ செய்வதுதானே.

அன்றைக்குக் கூட்டத்தில் நான் பேசியது தப்பு. என் காயில் எழுபது மைக்ரான், ஒரு தலைமுடி அளவு, கூடுதல் என்று நீ சொன்னாய். அளவு சரிதான். "ஆமாங்க மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். எழுந்து நின்று, "இந்த மேடத்துக்கு மூக்கு துடைச்சு விட்டவன் நான், எனக்கே மைக்ரான் கணக்கா?" என்று கேட்டேன். பதினெட்டு பேர் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. நாங்கள் சுற்றி அனுப்புகிற காயிலை நீங்கள் சேர்த்து, இறுக்கி, குளிரவைத்துச் சோதிக்கிறீர்கள். இரண்டு பக்கமும் அப்பாவும் மகளும் இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று சொல்லி, இரண்டு வருஷமாக நீ மூடி வைத்திருந்த சங்கதி அது. ஒரு வரியில் உடைத்துவிட்டேன். வாய்க்கு ஒரு பூட்டு செய்யலாம் என்றால் சாவியை நானே தொலைத்துவிடுவேன்.

நாலாவது காயில் நேற்று லாரி ஏறிவிட்டது. கூடப் போகும் வேலைப் பதிவுத் தாள் முப்பத்திரண்டு பக்கம். எல்லாப் பக்கத்திலும் "இயல்பு" என்றுதான் எழுதியிருக்கிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை.

அப்பா


பிப்ரவரி 17

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. காயிலும் கிடைத்தது. மன்னிப்பை ஏற்றுக்கொண்டேன், அளவுகளையும் ஏற்றுக்கொண்டேன். இந்த முறை கூடுதல் பதினெட்டு மைக்ரான்தான்.

அந்த ஜோக்கின் பலன் உங்களுக்குத் தெரிய வேண்டும். உங்கள் மேஜையிலிருந்து வரும் எதையும் நான் அளந்தபின் இன்னொருவர் மறுபடி அளக்கிறார். "தப்பா நினைச்சுக்காதீங்க, முறைக்காகத்தான்" என்கிறார்கள். நான் தப்பாக நினைக்கவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஒரு காயிலுக்கு அரை நாள் அதிகம், அவ்வளவுதான்.

அம்மாவிடம் படியேற வேண்டாம் என்று சொல்லுங்கள்.


மார்ச் 2

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தில் கையெழுத்துகூட இல்லை. ஆய்வறிக்கை என்று நினைத்துக் கோப்பில் செருகப் பார்த்தேன்.

அம்மா நேற்று ஒரு கேள்வி கேட்டாள். "உருட்டி உருட்டிக் கம்பியைச் சுத்துறீங்க, அதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று. பெருமையாக விளக்க உட்கார்ந்தேன். துகள்களை வளையத்துக்குள் ஓட்டுகிற இயந்திரத்துக்குப் பெரிய காந்தம் வேண்டும், சாதாரணக் கம்பியில் அவ்வளவு கரண்டு போகாது, அதனால் இந்தப் புதுக் கம்பி, என்றேன். சுற்றும்போது கயிறு மாதிரி வளையும். சுற்றி முடித்து உலையில் இரண்டு வாரம் வைத்து எடுத்தால் சாக்பீஸ். அதன்பிறகு அதன் பக்கத்தில் தும்மக்கூடாது. பிறகு பிசின் ஊற்றி இறுக்கினால்தான் கொஞ்சம் தைரியம் வரும். "பழைய கம்பி?" என்றாள். அது நம்ம காலத்துக் கம்பி, தட்டலாம், நெளிக்கலாம், ஒன்றும் ஆகாது, முப்பது வருஷம் அதைத்தான் தட்டினேன் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்களுக்கு அதுதான் சரி" என்று எழுந்து போய்விட்டாள்.

அங்கே நாலு காயிலையும் சேர்த்தாயிற்றா?

அப்பா


ஏப்ரல் 20

அப்பாவுக்கு,

சேர்த்தாயிற்று. குளிரவைத்தும் ஆயிற்று. நல்ல செய்தி இல்லை.

முதலில் என் பக்கம். காயில்களைச் சுற்றிலும் இரும்பு, அதற்கு வெளியே அலுமினிய உறை. இடுக்கில் தகட்டுப் பைகளை வைத்துத் தண்ணீரை ஏற்றினால் பை உப்பி இடம் விடும். அந்த இடத்தில் சாவி என்று சொல்லும் எஃகு ஆப்பைச் செருகிப் பையை எடுத்துவிடுவோம். இறுக்கம் அப்படியே நிற்கும். மார்ச் 28 அன்று பம்பின் வால்வு ஒன்று ஒட்டிக்கொண்டது. நான்காவது காயில் பக்கத்துப் பையில் அழுத்தம் நான்கு நொடி எல்லைக்கு மேல் இருபது சதவீதம் போனது. பம்பை இயக்கியது நான். எழுதி வைத்தேன்.

இப்போது சோதனை. கரண்டை ஏற்றுகிறோம். எங்கோ ஓர் இடம் சூடாகி, மீக்கடத்தும் தன்மை போய், காந்தம் தானே நின்றுவிடுகிறது. இங்கே அதை "விழுந்தது" என்போம். புதுக் காந்தம் முதலில் விழுவது வழக்கம்தான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலே போய் விழ வேண்டும். இது எட்டு முறையும் ஒரே அளவில், ஒரே இடத்தில் விழுந்தது. அப்படியென்றால் கம்பியிலேயே சேதம்.

இடம்: நான்காவது காயில், உள் அடுக்கு, ஏழாவது சுற்று, கம்பி வெளியே வராத பக்கத்து வளைவு.

என் பை அழுத்துவது நடுவிலுள்ள நேர்ப் பகுதியில். வளைவில் அழுத்தம் குறைவு. அதனால் கேட்கிறேன். அந்த இடத்தில், உலையிலிருந்து எடுத்தபின், ஏதாவது நடந்ததா? தாளில் ஒன்றும் இல்லை.


ஏப்ரல் 27

அன்புள்ள மகளுக்கு,

எட்டு முறையா! நான் பத்தாவதிலேயே ஒரு முறைதான் விழுந்தேன்.

நீ கேட்டதற்கு: தாளில் இருப்பதுதான். தாளில் ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம். வளைவு என்பது எப்போதுமே வம்பு பிடித்த இடம். கம்பி திரும்புகிற இடத்தில் அதற்கு மனசு இருக்காது. உலைக்காரரைக் கேட்டேன், சூடு சீராகத்தான் இருந்தது என்கிறார். அவர் வேறு என்ன சொல்வார்!

இங்கே ஐந்தாவது காயில் நடக்கிறது. மழை இல்லை. அம்மா நீ சொன்னாய் என்று கீழ் அறையிலேயே படுக்கிறாள். நான் மேலே தனியாகக் குறட்டை விடுகிறேன், கேட்க ஆள் இல்லை.

வால்வு ஒட்டிக்கொண்டதற்கு நீ என்ன செய்வாய்? வால்வு செய்தவனைக் கேட்க வேண்டும்.

அப்பா


மே 4

அப்பாவுக்கு,

வால்வு செய்தவரைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்கள்.

மூன்று பேர் கொண்ட குழு. காரணத்துக்குப் பதிவு வேண்டும் என்றார்கள். இருக்கும் ஒரே பதிவு என் நான்கு நொடி. வளைவுக்கும் அதற்கும் பொருந்தவில்லை என்று நானே சொன்னேன். "அப்போ உங்க அப்பா பக்கம்னு சொல்றீங்களா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை, அவர் தாள் சுத்தமாக இருக்கிறது என்றேன். "அப்போ உங்க பக்கம்தான்." தர்க்கத்தில் குறை சொல்ல முடியவில்லை.

அறிக்கை இந்த மாதக் கடைசியில் மூடப்படும். அதன்படி இரண்டு விஷயம் நடக்கும். அழுத்தும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிடுவார்கள். அது எனக்கு மட்டும். இரண்டாவது, இனி வரும் பதினோரு காந்தங்களையும் இருபது சதவீதம் தளர்வாக இறுக்கச் சொல்வார்கள். தளர்வாக இருந்தால் கரண்டு ஏறும்போது காயில் உள்ளே நகரும். நகர்ந்தால் விழும். நல்ல காயிலும் விழும். அந்த அழுத்த அளவைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருஷம் ஆனது.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை. தெரிவிக்கிறேன்.


மே 9

மகளுக்கு,

நான்கு காகிதம் கிழித்தேன். இது ஐந்தாவது.

ஜனவரி 19, வெள்ளிக்கிழமை. உலை அச்சைத் திறந்தோம், மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். ஏழாவது சுற்று, நீ சொன்ன அதே வளைவில், அரை மில்லிமீட்டர் எழுந்து நின்றது. பிசின் அச்சில் அப்படியே வைத்தால் மூடி உட்காராது. விதி எனக்குத் தெரியும். கையை எடு, தாளில் எழுது, பொறியாளரைக் கூப்பிடு. சுவரில் ஒட்டியே இருக்கிறது, ஒட்டினதே நான்தான்.

நைலான் சுத்தியை எடுத்து மூன்று தட்டு தட்டினேன். உட்கார்ந்துவிட்டது.

தட்டின பிறகுதான் கை எனக்கே தெரிந்தது. முப்பது வருஷப் பழக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். பாதிதான் உண்மை. தாளில் எழுதியிருந்தால் அளவுக்கு உங்கள் ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். உங்கள் ஆள் என்றால் நீ. கூட்டம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எழுபது மைக்ரானுக்கு அவ்வளவு கேட்டவள், அரை மில்லிமீட்டருக்கு என்ன கேட்பாய் என்று நினைத்தேன். நினைத்து, "இயல்பு" என்று எழுதினேன். பிப்ரவரியில் உன்னிடம் மன்னிப்புக் கேட்டபோதும் இது எனக்குத் தெரியும். பிசின் பிடித்துவிட்டது, ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே தாள் எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொண்டேன்.

போன கடிதத்தில் உன்னிடம் பொய் சொன்னேன். வால்வுக்காரன்மேல் பழி போட்டேன். பாவம், அவன் யாரோ.

இந்தக் கடிதத்தைக் குழுவிடம் கொடுத்துவிடு.

அப்பா


மே 13

அப்பாவுக்கு,

கொடுக்க மாட்டேன்.

நான் கொடுத்தால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அப்பாவைத் தள்ளிவிட்டாள் என்பார்கள். கொடுக்காமல் விஷயம் தெரிந்துவைத்திருந்தால், அப்பாவைக் காப்பாற்றினாள் என்பார்கள். நீங்களே உங்கள் பட்டறைத் தலைவரிடம் போய்ச் சொல்லி, எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த வாரம் புதன்கிழமை வரை காத்திருக்கிறேன். அதன்பின் கடிதம் குழுவுக்குப் போகும்.

நீங்கள் தட்டியதில் எனக்குக் கோபம் இல்லை. கை பழகிய இடத்துக்குப் போகும். அதற்குத்தான் தாள். ஏப்ரல் 27ஆம் தேதிக் கடிதத்தை மட்டும் இன்னும் ஒரு முறை படித்துப் பாருங்கள். நகல் வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.


மே 19

அன்புள்ள மகளுக்கு,

நகல் வேண்டாம். வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

வியாழனன்றே, உன் கடிதம் வந்த அன்றே, கண்ணாடிக்காரரிடம் போனேன். எங்கள் பட்டறைத் தலைவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறோம், இரண்டு கண்ணாடி வைத்திருக்கிறார், இரண்டையும் தேடிக்கொண்டே இருப்பார். எழுதிக் கொண்டுபோன தாளை நீட்டினேன். படித்தார். கதவைச் சாத்தினார்.

"உக்காருங்க. தண்ணி குடிங்க. பொண்ணு அழுதுச்சா?"

"அவ அழமாட்டா சார்."

"எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு. புரியுது. ஆனா இந்தப் பழிய நீங்க ஏத்துக்கிட்டா மட்டும் அது தீந்துடுமா?"

நான் தட்டினேன் சார் என்றேன். "எங்க தட்டினீங்க?" என்றார். ஏழாவது சுற்று, வளைவு என்றேன். "அது அறிக்கையிலயே இருக்கே, பொண்ணு சொல்லியிருக்கும்." சுத்தியை எடுத்துக் காட்டினேன். "சுத்தி எல்லார்கிட்டயும் இருக்கு." நாற்பது நிமிஷம் நான் குற்றவாளி என்று நானே வாதாடினேன், அவர் எனக்காக எதிர்வாதம் செய்தார். ஜெயித்தது அவர்தான். வெளியே வந்தால் உலைக்காரர் என் தோளைத் தட்டி, "பெத்த மனசு" என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதே, அந்தக் கதவு சாத்தினாலும் சாத்தாது.

பொய் எழுதினபோது ஒருவரும் சந்தேகப்படவில்லை. இப்போது ஒருவரும் நம்பவில்லை. மூக்கு துடைத்த கதையைப் பதினெட்டு பேருக்கு நடுவில் சொன்னவன் வேறு எதை எதிர்பார்க்கலாம்!

தாளை வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து மட்டும் போட்டார். அதன் நகல் இத்துடன்.

அப்பா


மே 26

அப்பாவுக்கு,

இங்கேயும் அதுவேதான். உங்கள் தாள் வந்து சேர்ந்தது. குழு அதை "உணர்ச்சிவசப்பட்டது" என்று ஓரமாக வைத்துவிட்டது.

பிழை என்னுடையது. ஏப்ரலில் இடத்தைச் சொல்லாமல் கேட்டிருக்க வேண்டும். சொல்லிவிட்டுக் கேட்டேன். இப்போது நீங்கள் அந்த இடத்தைச் சொன்னால் அது சாட்சி ஆகாது.

ஒரே வழி, காயிலை அறுத்துப் பார்ப்பது. காந்தத்தைப் பிரித்தாயிற்று. ஆனால் குறைந்த கரண்டுக்காவது உதவும், நான்காவது காயிலை உதிரியாக வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். அறுத்தால் போயிற்று. அறுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கே அறுக்க வேண்டும், அங்கே என்ன இருக்கும் என்று முன்கூட்டியே யாராவது எழுதித் தந்தால் பார்க்கலாம், அதுவரை அறிக்கையை மூடவில்லை என்றார்கள்.

நான் உங்களுக்குச் சொல்லாத ஒன்றை, சொல்லியிருக்கவே முடியாத ஒன்றை எழுதுங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம். உறையை ஒட்டி, குழுவின் பெயருக்கு அனுப்புங்கள். எனக்குத் தெரியக்கூடாது.


மே 30

அன்புள்ள மகளுக்கு,

அனுப்பிவிட்டேன். என்ன எழுதினேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். வாயை மூடிக்கொண்டிருக்க நான் இப்போதுதான் பழகுகிறேன், பார்.

படம் வரைந்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "இது என்ன, தேங்காய் மூடியா?" என்றாள். வளைவு என்றேன். அவளே ஒரு தட்டைக் கவிழ்த்து விளிம்பை வரைந்து கொடுத்தாள், கோடு இப்போது ஒழுங்காக இருக்கிறது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஜனவரியிலயே நீங்க சரியா சாப்பிடல" என்றாள். நாலு மாதமாக அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, எது என்றுதான் தெரியவில்லை.

அறுக்கும்போது ஒன்றும் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். உடைந்திருக்க வேண்டும் என்று ஒரு காயில்காரன் ஆசைப்படுவது இதுதான் முதல் தடவை.

அப்பா


ஜூன் 21

அப்பாவுக்கு,

அறுத்தாயிற்று. முடிவுகளை வரிசையாக எழுதுகிறேன்.

உங்கள் உறையைக் குழு பிரித்துப் படித்தபின்தான் எனக்குக் காட்டினார்கள். மூன்று புள்ளிகள் வைத்திருந்தீர்கள். முதல் இரண்டும் ஏழாவது சுற்றில், ஒரு விரல் இடைவெளியில். மூன்றாவது சறுக்கி ஆறாவது சுற்றில் பட்டது என்று எழுதியிருந்தீர்கள். அங்கே கம்பியைச் சுற்றியிருக்கும் கண்ணாடி நூல் உறை பிரிந்ததாகவும், நக அளவு நாடாத் துண்டை இரண்டு மடிப்பாக வைத்து மூடியதாகவும்.

நுண்ணோக்கியில்: ஏழாவது சுற்றில் இரண்டு இடத்திலும் கம்பிக்குள் இருக்கும் மெல்லிய இழைகள் குறுக்காக விரிசல் விட்டிருக்கின்றன. முதல் இடத்தில் அதிகம். ஆறாவது சுற்றில் விரிசல் இல்லை. ஆனால் பிசினுக்குள் நாடாத் துண்டு இருக்கிறது. இரண்டு மடிப்பு. குழுவில் என்னைக் கேள்வி கேட்டவர் நிமிர்ந்து, "இதைச் சொல்லிக் கொடுக்க முடியாது" என்றார்.

அடுத்து, நான் அழுத்திய நேர்ப் பகுதி. திட்டப்படி எட்டு துண்டுகள். இருபத்திரண்டு வெட்டினேன். ஓர் இழைகூட உடையவில்லை.

அறிக்கையில் காரணம் மாற்றப்பட்டது. அழுத்த அளவு பழையபடி இருக்கும். வேலையில் நான் தொடர்கிறேன். பதிவு செய்யாத தட்டு என்று உங்கள் பக்கம் எழுதியிருக்கிறது. தானாக முன்வந்து தெரிவித்தார் என்ற வரியைச் சேர்க்கச் சொன்னேன். தேதியோடு சேர்த்தார்கள், மே 16 என்று. ஏப்ரலையும் சேர்க்க வேண்டும் என்று நானே சொன்னேன். இடம் குறிப்பிட்டுக் கேட்டபோது மறுத்தார் என்று அதுவும் இருக்கிறது.

உங்களை உலைக்குப் பிந்தைய வேலையிலிருந்து எடுப்பார்கள் என்று தெரிகிறது.

உங்கள் மகள்


ஜூன் 27

அன்புள்ள மகளுக்கு,

எடுத்துவிட்டார்கள். திங்கள் முதல் நான் கம்பிக் கிடங்கில். உலைக்குப் போகாத கம்பி, கயிறு மாதிரி வளையும், என்னால் அதற்கு ஆபத்து இல்லை. கண்ணாடிக்காரர் ஆர்டரைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்தான் அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். ஏப்ரலைச் சேர்த்தது சரி. சேர்க்காவிட்டால் நீ எழுதினது மாதிரி இருக்காது.

அறிக்கையின் நகல் பட்டறைக்கும் வந்தது. எல்லோரும் படித்தார்கள். உலைக்காரர் என்னைக் கேட்டார்: "திட்டத்துல எட்டுதானே, உங்க பொண்ணு எதுக்குப் பதினாலு துண்டு அதிகமா வெட்டிச்சு? ஒரு துண்டைத் தேய்ச்சு மெருகேத்திப் பாக்கவே அரை நாள் ஆகுமே." எனக்கென்ன தெரியும், படித்தவர்கள் சமாசாரம் என்றேன்.

ஏழு நாள் உட்கார்ந்து தேடியிருக்கிறாய். உன் அழுத்தத்தில் ஓர் இழையாவது உடைந்திருக்காதா, பாதியையாவது உன் பேரில் எழுதிக்கொள்ள முடியாதா என்று தேடியிருக்கிறாய். கிடைக்கவில்லை.

இனிமேல் வெட்டாதே. அது முழுக்க என்னுடையதுதான்.

அப்பா